உறை மாறிய ஐம்பது இசைத்தட்டுகள்

போன வருடம் குளிர் தொடங்கிய நேரம், ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் என்னைப் பழைய இசைத்தட்டுச் சந்தை ஒன்றுக்கு அழைத்துக்கொண்டு போனாள். உண்மையில் என்னை அனுப்பி வைத்தது என் மனைவி. இருபத்தெட்டு வருடம் லண்டனில் பஸ் ஓட்டிவிட்டு அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தேன். சும்மா இருக்கத் தெரியாமல், இல்ஃபோர்டில் உள்ள எங்கள் வீட்டுக் கதவுப் பிணைச்சல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தேன்.

“இவரையும் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. மத்தியானம் வரைக்கும் எனக்கு இந்த மனுசனிட்ட இருந்து லீவு வேணும்” என்று மனைவி மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னார்.

மகளுக்கு முப்பத்தொரு வயது. உலகத்துப் பாட்டெல்லாம் கைத்தொலைபேசியில் இருந்தும் கறுப்புத் தட்டு வாங்குகிறவள். ரயிலில் போகும்போது, “அப்பா, உங்களுக்கு போர் அடிக்கும். ஒரு மணித்தியாலம்தான், ஓகே?” என்றாள். நான் ஓம் என்றேன். பஸ் ஓட்டப் போவதற்கு முன்னால், லண்டனுக்கு வந்த புதிதில், ஒரு வருடத்துக்கு மேல் நான் இசைத்தட்டுகளைப் பொதிசெய்யும் வேலை பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. மறைக்கவேண்டும் என்று மறைத்ததல்ல. அதைச் சொல்லத் தொடங்கினால் கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டேன்.

சந்தை ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. வரிசை வரிசையாக மேசைகள், மேசை மேல் பெட்டிகள், பெட்டிகளுக்கு முன்னால் குனிந்து நின்று விரலால் உறைகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற ஆட்கள். பெரும்பாலும் என் வயது ஆண்கள். மகள் ஒரு பக்கம் போக நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்றப் பக்கம் நடந்தேன். நான்காவது மேசையோ ஐந்தாவது மேசையோ, அங்கே நின்றுவிட்டேன். மேசைக்காரருக்குப் பின்னால் இருந்த பலகையில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. மஞ்சளின் நடுவில் ஓர் இஸ்திரிப்பெட்டியின் படம். பாடகர் முகம் ஒன்றும் இல்லை, இஸ்திரிப்பெட்டி மட்டும்தான்.

அந்த அட்டைகளில் சில ஆயிரமாவது என் கைக்குள்ளால் போயிருக்கும்.

மேசைக்காரர் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. அவர் ஒரு இளம் வாடிக்கையாளருக்கு அதைப்பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

“இதில் பன்னிரண்டு குழுக்களின் பாட்டு இருக்கவேண்டும். ஆனால் இந்தப் பிரதிக்குள் இருப்பது நிலக்கரிச் சுரங்கக்காரரின் பித்தளை வாத்தியக் குழு. கிறிஸ்துமஸ் பாட்டு வாசிக்கிறார்கள். மொத்தம் ஐம்பது பிரதி. இதை வெளியிட்ட லேபிள் கம்பெனியின் உரிமையாளர் வேண்டுமென்றே செய்த குறும்பு இது. வாங்குகிறவனின் எதிர்பார்ப்பையே கேள்வி கேட்கிற ஒரு கலை வேலை.”

இளைஞன் பயபக்தியோடு தலையாட்டினான்.

நான் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் வாய் முந்திவிட்டது. “அது வேண்டுமென்று செய்தது இல்லை” என்றேன். “பிழையாக நடந்தது. செய்தது நான்.”

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் மகள் எப்போது வந்தாளோ தெரியாது.

“அப்பா? என்ன சொல்லுறீங்கள்?” என்றாள்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. படிப்பதற்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தேன். கிழமையில் இரண்டு நாள் வகுப்பு, மற்ற நாட்களில் வேலை. ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் நாங்கள் நாலு பெடியன்கள். அங்கிருந்து நகரத்தைக் குறுக்கறுத்து மேற்கே போனால், கால்வாய் ஓரம், முன்பு பியானோ செய்த ஒரு பட்டறை. அதில்தான் அந்த லேபிள் இருந்தது. லேபிள் என்றவுடன் பெரிய கம்பெனி என்று நினைக்கவேண்டாம். மேல் மாடியில் உரிமையாளரும் ஒரு தொலைபேசியும். கீழே பொதிசெய்கிற மேசையும், நானும், இன்னொரு பெண்ணும். அவ்வளவுதான்.

அந்தப் பெண் என்னைவிட ஒரு வயது மூத்தவள். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையிலிருந்து வந்தவள். தலைமயிர் நல்ல பச்சை நிறம். முதல் நாள் அவள் நீளமாக ஏதோ சொன்னாள். அதில் ‘டீ’ என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. நான் பதில் சொன்னேன். அவளுக்கு அதுவும் விளங்கவில்லை. இரண்டு பேரும் பேசியது ஆங்கிலம்தான்.

அக்காலத்தில் லண்டனில் அப்படிச் சின்னச் சின்ன லேபிள்கள் நிறைய இருந்தன. நியூ வேவ் என்ற பெயரில் தெருவுக்கு ஒரு குழு பாடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் தனித்தட்டு போட்டு விற்க முடியாது. அதனால் லேபிள்கள் தொகுப்புத் தட்டு போடுவார்கள். பலகாரக் கடையில் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்து ஒரு பெட்டியில் போட்டுத் தருவது போல, தங்களிடம் உள்ள ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பாட்டு. மலிவாக விற்பார்கள். ஒருவன் வாங்கிக் கேட்டு, அதில் ஒரு குழுவையாவது பிடித்துப்போய், பிறகு அந்தக் குழுவின் முழுத் தட்டையும் தேடி வருவான் என்பது நம்பிக்கை. உள்ளே ஒரு தாள் இருக்கும், எதை எந்த எண்ணில் கேட்டு எழுதவேண்டும் என்று. சில குழுக்களுக்கு அந்த ஒரு பாட்டோடு சரி. அதற்குப் பிறகு அவர்கள் பள்ளிக்கூட வாத்தியாராகவோ குழாய் திருத்துகிறவராகவோ போயிருப்பார்கள். ஆனால் ஒரு பக்கத்தில் மூன்றாவதாக அவர்களுடைய மூன்று நிமிடம் இருக்கும்.

இஸ்திரிப்பெட்டித் தொகுப்பை வேலை நேரத்தில் ஓயாமல் ஓட விடுவாள் பச்சைத் தலைக்காரி. இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு, முதல் கிழமை, தகரக் கொட்டிலுக்குள் யாரோ சண்டை பிடிப்பது போல இருந்தது. மேளத்துக்குப் பதிலாக ஒரு இயந்திரம் டிக் டிக் என்றது. ஒருவன் பாடவே இல்லை. பஸ் நேர அட்டவணையை வாசிப்பதுபோல வாசித்தான். ஆனால் ஒரே பன்னிரண்டு பாட்டை நாள் முழுதும் கேட்டால் என்ன ஆகும்? மூன்றாம் மாதம் குளிக்கும்போது அந்த அட்டவணைக்காரனின் பாட்டு என் வாயில் வந்தது. அறையில் இருந்த பெடியன்கள் கதவைத் தட்டி, “மச்சான், உள்ளுக்கு என்ன நடக்குது?” என்று கேட்டார்கள்.

பேச்சு விளங்காத எங்களுக்கு அந்தத் தொகுப்பே ஒரு பாஷையாகிவிட்டது. முதல் பக்கம் முதல் பாட்டு ஆர்ப்பாட்டமாகத் தொடங்கும். அவள் “ஒன்று, ஒன்று” என்றால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மேல்மாடியில் உரிமையாளர் கோபமாக இருந்தால் “ஒன்று, ஐந்து.” இரண்டாம் பக்கத்து நான்காவது, ஒரு பெண் தனியாக ஓர்கன் வாசித்துக்கொண்டு மெதுவாகப் பாடுவது. வெளியே மழை, அலுப்பு, வீட்டு நினைவு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் சொல்வது “இரண்டு, நாலு.” எனக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

வேலை கஷ்டமானதல்ல. அச்சகத்திலிருந்து மஞ்சள் அட்டை உறைகள் வரும். தட்டு அடிக்கிற தொழிற்சாலையிலிருந்து தட்டுகள் வரும், வெள்ளைத் தாள் உறைக்குள், பெட்டிக்கு ஐம்பது. தாள் உறையின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. அதனூடாகத் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்க்கவேண்டும். சரி என்றால் மஞ்சள் உறைக்குள் போடவேண்டும். நாங்கள் இரண்டு பேர் செய்தால் ஒரு பெட்டி கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

எண்பத்துமூன்று, அந்த ஜூலையில் கொழும்பில் தமிழருடைய வீடுகள் எரிந்தன. என் அக்கா கலியாணம் முடித்துக் கொழும்பில் இருந்தாள். கையில் நாலு மாதக் குழந்தை. செய்தியில் காட்டிய தெருக்களில் ஒன்று அவளுடைய தெரு மாதிரியே இருந்தது. தொலைபேசி எடுபடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் தகவல் இல்லை. அறையில் நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு நாள் அப்படி இருந்து பார்த்தேன். அடுத்த நாள் எழும்பி வேலைக்குப் போய்விட்டேன்.

பச்சைத் தலைக்காரி என் முகத்தைப் பார்த்தவுடன் ஏதோ கேட்டாள். நான் அன்றைய பேப்பரை விரித்து, படத்தில் விரலை வைத்து, “என் அக்கா” என்றேன். அதற்கு எண் தேவைப்படவில்லை. அவள் இசைத்தட்டுக் கருவியை நிறுத்திவிட்டுப் போய், மேல்மாடியிலிருந்த ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்துச் செய்தி நிலையத்தைத் திருப்பினாள். அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுவதும் அந்த மேசையில் பாட்டே இல்லை. பாட்டில்லாமல் பத்து நிமிடம் இருக்கமாட்டாத பெண் அவள். ஒவ்வொரு மணிக்கும் செய்தி வரும்போது என் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து நிற்பாள். இலங்கை என்ற சொல் வந்தால் என்னைப் பார்ப்பாள். வராவிட்டால் அடுத்த பெட்டியைத் திறப்பாள்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் அந்தப் பெட்டி வந்தது. தொழிற்சாலையில் யாரோ எங்கள் பெட்டிகளோடு வேறு யாருக்கோ போகவேண்டிய பெட்டி ஒன்றைச் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். அதுவும் எங்களுடையதைப் போலவே நடுவில் வெளிர் மஞ்சள் வட்டம் ஒட்டிய தட்டுத்தான். எண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அவள் தேநீர் போடப் போயிருந்த நேரம், ஐம்பதையும் என் கையாலேயே இஸ்திரிப்பெட்டி உறைக்குள் போட்டு அடுக்கிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் தகவல் வந்தது. என் அறை நண்பன் லேபிளுக்குத் தொலைபேசி எடுத்தான். நான் கீழே இருந்தேன். மேலே எடுத்தவள் அவள்தான். எங்கள் ஊர் ஆங்கிலமும் அவளுடைய ஊர் ஆங்கிலமும் தொலைபேசியில் சந்தித்தால் எப்படியிருக்கும்? படிகளில் ஓடி வந்தாள். மூச்சு வாங்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “உன் அக்கா நலம். குழந்தை நலம். எல்லாரும் ஒரு செம்மறியாட்டில் ஏறிவிட்டார்கள்.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “செம்மறியாடா?”

“பெரிய செம்மறியாடு. வடக்கே போகிறதாம்.”

பிறகுதான் விளங்கியது. நண்பன் சொன்னது ‘ஷிப்’, அவள் காதில் விழுந்தது ‘ஷீப்’. கொழும்பில் முகாமில் இருந்தவர்களைக் கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நான் அவளுக்குக் கையால் அலை வரைந்து காட்டினேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் மேசையில் சாய்ந்து சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டு, அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மூன்று கிழமை கழித்துக் கடைகளிலிருந்து தட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. உரிமையாளர் ஒரு நாள் அவற்றைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். கருவியில் ஒன்றைப் போட்டார். பித்தளை வாத்தியங்கள் கணீரென்று கிறிஸ்துமஸ் பாட்டை வாசித்தன. அப்போது ஆகஸ்ட் மாதம்.

“இந்தப் பெட்டியை அடுக்கியது யார்?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே பச்சைத் தலைக்காரியின் சப்பாத்து என் காலில் ஏறியது. “நான்தான்” என்றாள் அவள். “அதற்கு முந்தின இரவு அதிகம் குடித்துவிட்டேன். கண் தெரியவில்லை.”

அதற்கு அவர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கவில்லை, விளங்காததும் நல்லதுதான். அவளை இரண்டு கிழமை மேசையிலிருந்து எடுத்து மேல்மாடியில் விலாசம் எழுத வைத்தார். அவளுக்கு எழுத்து வேலை என்றால் வெறுப்பு. மத்தியானத்தில் மாடியிலிருந்து “இரண்டு, நாலு!” என்று கத்துவாள். நான் கீழே நின்று “இரண்டு, நாலு!” என்று கத்துவேன். உரிமையாளரிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று தினமும் நினைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம். வேலை போனால் அந்த மேசையும் போய்விடும் என்பது இன்னும் பெரிய பயம்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓர் இசைப் பத்திரிகையில் எழுதுகிற ஒருவருக்கு அந்த ஐம்பதில் ஒன்று கிடைத்திருந்தது. பன்னிரண்டு புதுக் குழுக்கள் என்று சொல்லிவிட்டுச் சுரங்கத் தொழிலாளரின் பித்தளை வாத்தியத்தைக் கொடுப்பதைப்போல ஒரு துணிச்சலான நகைச்சுவையை இந்த வருடம் கேட்கவில்லை என்று அவர் புகழ்ந்து எழுதினார். உரிமையாளர் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினார். மறுநாளிலிருந்து அது தன்னுடைய யோசனைதான் என்று தொலைபேசியில் சொல்லத் தொடங்கினார். பச்சைத் தலைக்காரி மறுபடி மேசைக்கு வந்தாள்.

அடுத்த மாரியோடு லேபிள் மூடப்பட்டது. அவள் வடக்கே போனாள். விலாசம் எழுதிக் கொடுத்தாள். நான் அறை மாறி, அறை மாறி, மூன்றாவது இடத்தில் அந்தத் தாளைத் தொலைத்துவிட்டேன்.

இதில் பாதியைத்தான் அந்த மேசைக்காரருக்குச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் முகத்தில் நம்பிக்கை இல்லை.

“இப்படி நிறையப் பேர் வருவார்கள்” என்றார். “நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா?”

என்னிடம் என்ன இருக்கிறது? சம்பளத் துண்டா? நான் கையை விரித்தேன். அவர் மனம் இரங்கியது போல, சாதாரண இஸ்திரிப்பெட்டித் தொகுப்பு ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த வெள்ளைத் தாள் உறையின் மூலையை எனக்குக் காட்டினார்.

“அங்கே வேலை செய்தவர் என்றால் இது என்ன என்று சொல்லுங்கள். சில பிரதிகளில் மட்டும் பென்சிலால் இந்த அன்னம் இருக்கிறது. முப்பது வருடமாகச் சேகரிப்பாளர்கள் நாங்கள் இதைப்பற்றி விவாதிக்கிறோம். சிலர் இது இரண்டு என்ற இலக்கம் என்கிறார்கள். நான் அன்னம் என்கிறேன்.”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மகளும் குனிந்து பார்த்தாள். அவள்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பா! இது பிள்ளையார் சுழி!”

ஓம், அது பிள்ளையார் சுழிதான். ஒவ்வொரு புதுப் பெட்டியைத் திறக்கும்போதும் முதல் தட்டின் தாளில் ஒரு ‘உ’ போட்டுவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். பள்ளிக்கூடக் கொப்பியில் பழகிய கை. நினைத்துப் போட்டதல்ல. மகளுடைய பேனாவை வாங்கி, மேசைக்காரரின் துண்டுத்தாளில் ஒரு உ போட்டுக் காட்டினேன். அதே சாய்வு, அதே வால். எதைத் தொடங்கினாலும் நாங்கள் இதைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம் என்றேன். ஐம்பதுக்கு ஒன்றில் மட்டும் இருப்பது ஏன் என்று இப்போது அவருக்கு விளங்கியது. நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முப்பது வருட அன்னம் அல்லவா, பாவம்.

“சரி” என்றார் கடைசியில். “நீங்கள் அங்கே இருந்தீர்கள். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிழை உங்களுடையது இல்லை. தான் செய்தேன் என்று சொல்கிற வேறொருவரை எனக்குத் தெரியும். உரிமையாளரின் குறும்பு என்று நான் நம்புகிறேன். ஆனால் அங்கே வேலை செய்த பெண்மணி ஒருவர், தான்தான் குடிமயக்கத்தில் மாற்றிப் போட்டேன் என்று எங்கள் சங்கக் கூட்டங்களில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.”

“அவள் இருக்கிறாளா?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் தன் தொலைபேசியில் அவளுடைய எண்ணை வைத்திருந்தார். அதை எனக்குத் தரமாட்டேன் என்றார். என் எண்ணை அவளுக்கு அனுப்புவதாகச் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மகள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். “ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?” என்று மூன்று தரம் கேட்டாள். ரயில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கொழும்பைப்பற்றியும் சேர்த்து, முதல் தடவையாக முழுதையும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. வணக்கம் இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை.

“முட்டாளே!” என்றது அந்தக் குரல். “நாற்பது வருடமாக அந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்கு எல்லாரும் பியர் வாங்கித் தருகிறார்கள். ஒரே நாளில் கெடுத்துவிட்டாயே!”

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. இருபத்தெட்டு வருடம் எல்லா ஊர் ஆட்களையும் பஸ்ஸில் ஏற்றி இறக்கிய பலன். அதைச் சொன்னேன். “நீ சொல்வதும் இப்போது எனக்கு விளங்குகிறதே” என்றாள் அவள். வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன்.

அவள் இப்போது கென்ட் பக்கம் கடலோரத்தில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்ஃபோர்டுக்கு வந்தாள். நான் ஸ்டேஷனில் காத்து நின்றேன். எலிசபெத் லைன் ரயிலிலிருந்து இறங்கி வந்த கூட்டத்தில் பச்சையைத் தேடிக்கொண்டு நின்றேனே தவிர, என் முன்னால் வந்து நின்ற வெள்ளைத் தலையைப் பார்க்கவில்லை. அவள் கையை நீட்டி என் மொட்டைத் தலையைத் தட்டினாள்.

பிற்காலத்தில் லண்டனுக்கே வந்துவிட்ட அக்காவும் அன்றைக்குக் கிங்ஸ்பரியிலிருந்து வந்திருந்தாள். நாலு மாதக் குழந்தையாகக் கப்பலில் போன மருமகனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவன்தான் அக்காவைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். மனைவி புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் மீன் குழம்பும் வைத்திருந்தார். விருந்தாளி முதலில் கரண்டியால் தொடங்கி, பிறகு எல்லாரையும் பார்த்துவிட்டுக் கையால் சாப்பிட்டாள். செம்மறியாட்டுக் கதையை அவளே அக்காவுக்குச் சொன்னாள். மகள் தமிழாக்கினாள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் கிழமை நீ வேலைக்குப் போனனியோ?”

“ஓம் அக்கா. வீட்டில இருக்க ஏலாமல் போச்சு.”

“நான் அங்கை முகாமில இருந்துகொண்டு, தம்பி சாப்பிடாமல் அழுதுகொண்டிருப்பான் எண்டு நினைச்சுக் கவலைப்பட்டனான். நீ இந்தப் பிள்ளையோட நிண்டிருக்கிறாய். அது நல்லது. அது எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.”

முகாமைப்பற்றி அக்கா எங்களிடம் அதிகம் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எத்தனையோ குடும்பங்கள். கரும்பலகைக்குக் கீழே இவர்களுக்கு இடம். குழந்தைக்கு ஏணை கட்ட யாரோ ஒருத்தி தன் சேலையைக் கிழித்துத் தந்தது. விருந்தாளி மகளுடைய வாயையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழும்பிப்போய் அக்காவுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

எனக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. “ஏன் உன்மேல் போட்டுக்கொண்டாய்?” என்றேன்.

“நீ அக்காவுக்காகக் காத்திருந்தாய். எனக்கு ஒரு தலையிடிகூட இல்லை” என்றாள் அவள். “அதோடு, விலாசம் எழுத விடுவார் என்று தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன்.”

பிறகு தன் பையைத் திறந்து ஒரு மஞ்சள் உறையை எடுத்தாள். திரும்பி வந்த ஐம்பதில் ஒன்றை அவள் எடுத்து வைத்திருந்தாள். மேசைக்காரர் பல தடவை கேட்டும் கொடுக்கவில்லையாம். மேசைக்காரர் தங்கள் சங்கத்துத் துண்டுப் பத்திரிகையில் எழுதப்போகிறார் என்றும் சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்குள் யார் செய்தது என்று ஒரு முடிவு சொல்லும்படி கேட்டிருந்தாராம்.

“என்ன சொன்னாய்?”

“இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம் என்றேன். பெயர் போடவேண்டாம், பொதிசெய்தவர்கள் என்று போடுங்கள் என்றேன். சரிதானே?”

சரி என்றேன். மகள் தட்டைக் கருவியில் வைத்து ஊசியை இறக்கினாள். வாசல் ஜன்னல் அதிரப் பித்தளை வாத்தியங்கள் தொடங்கின. நான் அந்தத் தட்டை முழுதாகக் கேட்டதே இல்லை. நன்றாகத்தான் வாசித்திருந்தார்கள் சுரங்கக்காரர்கள், பெரிய மூச்சுக்காரர்கள். இரண்டாவது பாட்டு வந்ததும் அக்கா தலையை நிமிர்த்தினாள். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் நின்று படித்தவள் அவள். சைவப் பிள்ளைகள் என்றாலும் மார்கழியில் எல்லாரும் பாடவேண்டும். தமிழில் மெல்ல முணுமுணுத்தாள். பக்கத்திலிருந்தவள் அதே மெட்டை ஆங்கிலத்தில் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சுருதி சேரவில்லை. மனைவி தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்கம் முடிந்து ஊசி எழும்பியதும் அக்கா மகளைப் பார்த்து, “பிள்ளை, மற்றப் பக்கத்தையும் போடு” என்றாள்.